பேங்க் புத்தகம் அரிசி வாளியில்

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம், அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

"ஸ்தோத்திரம் பாஸ்டர். என் வீட்டுக்காரருக்கு அடுத்த மாதம் 55 ஆகிறது. 31 வருஷமாக ஒரே செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். இடுப்பு போய்விட்டது, இனி முடியாது என்கிறார். கோவிட் சமயத்தில் எடுத்தது போக இபிஎஃப் என்கிற சேமநிதியில் 68,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. தோட்டத்து வீட்டைக் காலி செய்தால் எங்களுக்கென்று ஒரு கூரை கிடையாது. டவுனில் ஒரு பழைய தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு 150,000 வெள்ளிக்கு வருகிறது. மகள் பேரில் பேங்க் 95,000 தரும். மீதி 55,000, லாயர் செலவு, ஒழுகுகிற கூரை எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட முழுப் பணமும் போய்விடும். இந்த நேரத்தில் ஒரு ஜெபக் கூட்டத்துக்கு வந்த வெளியூர் ஊழியக்காரர், ஓய்வுப் பணத்தில் பத்தில் ஒன்று கர்த்தருடையது, அதை வீட்டுக்குப் போட்டால் மீதியெல்லாம் பொத்தலான பையில் போட்ட மாதிரி ஆஸ்பத்திரிக்கே போகும் என்றார். இவர் அங்கேயே கையைத் தூக்கி 6,800 வெள்ளி தருவதாகப் பொருத்தனை பண்ணிவிட்டார். நான் வேண்டாம் என்றால், உனக்கு விசுவாசம் இல்லை என்கிறார். ஆத்திரத்தில் அவருடைய பேங்க் புத்தகத்தை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். நான் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்கிறேனா?"

அம்மா, ஸ்தோத்திரம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் பணம் வீட்டுக்கு வேண்டும் என்று நீங்கள் சொன்னதில் பாவம் எதுவும் இல்லை. அரிசி வாளி வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லவேண்டும். நான் காணிக்கையில் சாப்பிடுகிறவன். என் வீட்டு அடுப்பு எரிவதும் மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றுவதும் ஞாயிற்றுக்கிழமை பையில் விழுகிற பணத்தால்தான், அதனால் இந்த விஷயத்தில் எந்தப் போதகர் என்ன சொன்னாலும், நான் சொன்னாலும்கூட, கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது நல்லது. நானும் என் மனைவியும் பத்தில் ஒன்று கொடுக்கிறோம். கல்யாணமான முதல் மாதத்திலிருந்து இருக்கிற பழக்கம், மனதாரச் செய்கிறோம். ஆனால் அதை எடுத்து இன்னொருவர் தலையில் சட்டமாகக் கட்ட எனக்கு அதிகாரம் இல்லை. புறஜாதியிலிருந்து (யூதரல்லாதவர்களிலிருந்து) வந்த விசுவாசிகள் மேல் என்ன பாரத்தைச் சுமத்தலாம் என்று எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடிப் பேசி ஒரு கடிதம் எழுதினார்களே, அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரம், அதில் விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் என்று நாலே காரியம்தான் இருக்கிறது. தசமபாகம், அதாவது இந்தப் பத்தில் ஒன்று, இல்லை.

சரி, அந்தப் பொத்தலான பைக்கு வருவோம். உங்கள் வீட்டுக்காரரைப் பயமுறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன், என்னையும் சின்ன வயதில் பயமுறுத்திய வசனம் அது. ஆகாய் 1:6. அதற்கு இரண்டு வசனம் மேலே போய்ப் பாருங்கள். "இந்த வீடு பாழாய்க்கிடக்கும்போது, நீங்கள் மச்சுப்பாவப்பட்ட உங்கள் வீடுகளில் குடியிருக்கும்படியான காலம் இதுவோ?" என்று தீர்க்கதரிசி கேட்கிறார். மச்சுப்பாவப்பட்ட வீடு என்றால் பலகை அடித்து, அலங்காரம் பண்ணி, வசதியாகக் கட்டிய வீடு. பாபிலோனிலிருந்து திரும்பி வந்து, தங்களுக்கு அப்படி வீடு கட்டிக்கொண்டு, ஆலயத்தை அப்படியே போட்டுவிட்டவர்களைப் பார்த்துச் சொன்னது அது. வீடே இல்லாதவனைப் பார்த்துச் சொன்னதல்ல. 31 வருஷம் கம்பெனி வீட்டில் இருந்துவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிற மனிதரிடம் இந்த வசனத்தை வீசுவது, டாக்டர் ஒருவருடைய மருந்தை அடுத்த கட்டில்காரருக்குக் கொடுக்கிற மாதிரி.

மல்கியா 3:10-உம் இதே கதைதான். "தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்" என்பது எல்லாருக்கும் மனப்பாடம், பல சபைகளில் காணிக்கைப் பையிலேயே தைத்திருக்கிறார்கள். ஐந்து வசனம் மேலே, அதே அதிகாரத்தில், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாக நானே சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் சொல்வதை எங்கும் தைத்து நான் பார்த்ததில்லை. கூலிக்காரர் என்ற வார்த்தை வேறு எந்த ஊர்க் காதிலும் எப்படி விழுமோ தெரியாது, நம் தோட்டத்துக் காதில் விழுகிற விதமே வேறு. அதற்கு முந்தின அதிகாரம் "இப்போதும் ஆசாரியர்களே, இந்தக் கட்டளை உங்களுக்குரியது" என்று ஆரம்பிக்கிறது. எங்களைப் போன்ற ஊழியக்காரர்களுக்குத்தான் முதல் அடி.

இனி நான் உங்களிடம் உண்மையில் சொல்ல நினைப்பது. தசமபாகம் யாருக்காக வந்தது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா? கானான் தேசத்தைக் கோத்திரம் கோத்திரமாகப் பங்கு போட்டபோது லேவி கோத்திரத்துக்கு மட்டும் நிலப்பங்கு கிடையாது. மற்றவர்களுக்கு வயல், திராட்சத்தோட்டம், ஒலிவமரம். லேவியருக்கு ஆராதனை வேலை. வயல் இல்லாதவன் என்ன சாப்பிடுவான், அதனால் வயல் உள்ளவன் விளைச்சலில் பத்தில் ஒன்றைக் கொடுத்தான். எண்ணாகமம் 18-இல் இருக்கிறது. உபாகமம் 14-இல் இன்னும் விரிவாக வருகிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பத்தில் ஒன்றை ஊர் வாசலிலேயே வைக்கவேண்டும், லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து "புசித்துத் திருப்தியடைவார்களாக". (பரதேசி என்பதை நாம் திட்டுகிற வார்த்தையாக ஆக்கிவிட்டோம். வேதத்தில் அது அந்நிய நாட்டிலிருந்து வந்து குடியிருக்கிறவன், நம் தாத்தா பாட்டி கப்பலேறி பினாங்கில் இறங்கியபோது இருந்த நிலை.) அதே அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது, யாரும் பிரசங்கம் பண்ணிக் கேட்டதில்லை. தூரமாக இருந்தால் தசமபாகத்தைப் பணமாக்கி எடுத்துக்கொண்டு போய், அங்கே மனதுக்குப் பிடித்ததை வாங்கி, குடும்பத்தோடு சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்று கர்த்தர் சொல்கிறார். 22-ஆம் வசனத்திலிருந்து இருவரும் உட்கார்ந்து வாசியுங்கள், உங்கள் வீட்டுக்காரர் ஆச்சரியப்படுவார்.

அப்படியானால் நிலம் இல்லாதவன் சாப்பிடுவதற்காக நிலம் உள்ளவன் கொடுத்ததுதான் தசமபாகம். இப்போது நம் ஜனத்தைப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு மேலாகக் காட்டை வெட்டினோம், ரப்பர் மரத்தில் பால் வெட்டினோம், அப்புறம் அந்த மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டோம், அந்த மண்ணில் ஒரு சாண் நம் பேரில் இல்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடல் காலத்தில் எத்தனை குடும்பம் மூட்டை முடிச்சோடு ரோட்டுக்கு வந்தது என்று உங்கள் மாமியார் சொல்லியிருப்பார். அதைப் பார்த்துத்தான் ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். வேதத்தின் கணக்குப்படி பார்த்தால் உங்கள் வீட்டுக்காரர் பண்டசாலைக்கு மூட்டை சுமந்து போகிற வரிசையில் நிற்கவேண்டியவரே அல்ல. வாசலில் லேவியன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவேண்டியவர்.

என் அம்மா கொடுத்த விதத்தைச் சொல்கிறேன். நான் பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மைலோ டின் இருக்கும், மூடியில் துரு ஏறி, திறக்கும்போது கரகரவென்று சத்தம் போடும். ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளந்த பிறகு அம்மா அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டின்னில் போடுவார். பிடி அரிசி. நாங்கள் ஐந்து பிள்ளைகள், அரிசி குறைவான நாளில் அம்மாவின் பிடியும் சின்னதாகிவிடும், விரல் நுனியால் எடுப்பார், ஆனால் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டு டின்னும் கோயில் பாயில் கொட்டப்படும். வெள்ளை அரிசி, பழுப்பரிசி, குருணை எல்லாம் கலந்து ஒரு சின்ன மேடு. ஆராதனை முடிந்ததும் எங்கள் உபதேசியார் அதைத் துணிப்பையில் கட்டிக் கடைசி லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருந்த ஒரு கைம்பெண் வீட்டுக்கு என்னிடம் கொடுத்து அனுப்புவார். என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. உபாகமம் 14 இருப்பதே தெரியாமல் அப்படியே செய்துகொண்டிருந்தார்.

நான் செய்ததையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் அந்த ஊழியக்காரரை மட்டும் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் ஊழியத்துக்கு வந்த புதிதில், ஒரு பெரியவர் இபிஎஃப் எடுத்த கையோடு சபைக் கூரைக்கு 3,000 வெள்ளி கொண்டுவந்தார். நான் அவரிடம், ஐயா வீட்டில் என்ன நிலைமை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபைக்கு முன்னால் நிறுத்தி ஜெபம் பண்ணினேன், எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து அவருடைய மனைவி வந்தார். பெரியவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது, வாரத்துக்கு மூன்று நாள் டையாலிசிஸ், போய்வர வேன் காசு இல்லை, மாதம் 200 வெள்ளி உதவ முடியுமா என்று கேட்டார். கமிட்டியில் வைக்கிறேன் என்றேன். கமிட்டி கூட மூன்று வாரம் ஆனது. அன்று மழை, புதுக் கூரை, தகரத்தில் மழைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை, ரசீது இருக்கிறதா என்று ஒருவர் கத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கூரையின் கீழே உட்கார்ந்துதான் அந்தப் பேச்சு நடந்தது. உதவி பிறகு கொடுத்தோம், ஆனாலும் மழை பெய்தால் எனக்கு அந்த அம்மா நின்றது ஞாபகம் வரும்.

ஏழை விதவையின் இரண்டு காசு கதையை உங்கள் வீட்டுக்காரர் எடுத்துப் பேசுவார், கட்டாயம் பேசுவார். மாற்கு 12, 41-ஆம் வசனத்திலிருந்து. எடுத்தால் 40-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரை இயேசு கண்டித்த கையோடுதான் காணிக்கைப்பெட்டிக்கு எதிரே போய் உட்காருகிறார், அந்தம்மா வந்து ஜீவனத்துக்கு உண்டாயிருந்த எல்லாவற்றையும் போடுகிறாள். அடுத்த அதிகாரத்தின் ஆரம்பத்திலேயே, இந்தக் கட்டடத்தில் ஒரு கல்லின்மேல் இன்னொரு கல் நிற்காது என்கிறார். அந்த விதவையின் மனதை இயேசு உயர்த்திச் சொன்னார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டதாக என்னால் வாசிக்க முடியவில்லை.

வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8-இல் பவுல் எழுதியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து அதை எடுத்து அவர்மேல் வீசாதீர்கள். 31 வருஷம் குலை சுமந்த மனிதரைப் பார்த்து வீட்டாரை விசாரிக்காதவன் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

இப்போது பொருத்தனை. இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன், நீங்களும் தள்ளவேண்டாம். கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டுக் கை தூக்கினார், அது செல்லாது என்று நீங்கள் சொன்னால் அவர் கேட்கமாட்டார், ஏனென்றால் பிரசங்கி 5:4 அவருக்குத் தெரியும், பொருத்தனையைச் செலுத்தத் தாமதியாதே. ஆனால் பொருத்தனைக்கென்றே மோசே ஒரு அதிகாரம் எழுதி வைத்திருக்கிறார், லேவியராகமம் 27. அதில் 8-ஆம் வசனம். பொருத்தனை பண்ணியவன் மதித்த தொகையைச் செலுத்த முடியாத ஏழையாக இருந்தால் ஆசாரியன் முன்னால் வந்து நிற்கவேண்டும், ஆசாரியன் அவனுடைய "திராணிக்கேற்றபடி" மறுபடி மதிக்கவேண்டும். திராணி என்றால் அவனால் தாங்கக்கூடியது. வாய் தவறிப் பெரிய தொகை சொல்லிவிட்ட ஏழைக்குக் கர்த்தரே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார், அவன் வெட்கப்பட்டு ஓடி ஒளியவேண்டாம், பொய் சொல்லவேண்டாம், வந்து நின்றால் போதும்.

அதனால் அவரை உங்கள் சபைப் போதகரிடம் கூட்டிப் போங்கள். வீட்டுக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள், வீட்டு விலை, லோன், லாயர், கூரை, கையில் மிச்சம். ஐயா, நான் இவ்வளவு சொன்னேன், என் நிலைமை இது என்று அவரே சொல்லட்டும். 6,800 என்பது 300 ஆகலாம், மாதம் 20 வெள்ளி ஆகலாம், புது வீட்டில் முதல் ஜெபக்கூட்டம் வைத்து அண்டை அயலாருக்கு ஒரு வேளை சாப்பாடு போடுவதாகவும் ஆகலாம். எவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" என்று 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது, அந்த மனது அவருடையது. ஒன்றுமே கொடுக்காதே என்று நீங்கள் நின்றாலும் தப்பு. கொடுக்கிற ஆசை உள்ள மனிதரை அப்படித் தடுத்தால் அவர் உள்ளுக்குள் சுருங்கிப்போவார்.

வேதத்தை விட்டு நாட்டு நடப்புக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் தசமபாகத்தைவிட என்னைக் கவலைப்படுத்தியது வேறு. 55 ஆனதும் இபிஎஃப் பணத்தை முழுசாக எடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. தேவையானதை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அங்கேயே விடலாம், லாப ஈவு வந்துகொண்டிருக்கும். 2024-க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். அப்புறம் இந்த நாட்டில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60, சட்டம் 2013 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. வயது 55 ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் தோட்டம் அவரை ஓய்வில் அனுப்ப முடியாது. இடுப்பு முடியவில்லை என்றால் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் டாக்டர் சீட்டோடு ஆபீசுக்குப் போய் இலகுவான வேலை கேளுங்கள், சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், உடல் முடியாமல் போனவர்களுக்கான இலாட் பென்ஷனுக்குத் தகுதி உண்டா என்றும் விசாரியுங்கள். அதற்கும் 60 வயதுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என்னிடம் அழுதவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கணக்குப்படி எல்லாம் போகக் கையில் நிற்பது மூவாயிரம் வெள்ளியோ என்னவோ. வீட்டுப் பத்திரமோ மகள் பேரில் மட்டும். மகள் நல்ல பிள்ளைதான், நான் ஒன்றும் சொல்லவில்லை, நாளைக்குக் கல்யாணமாகும், மருமகன் வருவார். உங்கள் பேரையும் சேர்க்க முடியுமா, சேர்த்தால் லோனுக்கு என்ன ஆகும் என்று கையெழுத்துக்கு முன் லாயரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இன்னும் கொஞ்சம் விலை குறைந்த வீடு கிடைக்குமா என்றும் பாருங்கள், ஓய்வுப் பணம் முழுதும் ஒரே கூரையில் போவது எனக்குப் பிடிக்கவில்லை. காணிக்கைக்குப் போவதை எப்படிக் கேள்வி கேட்டீர்களோ அதேபோல் இதையும் கேளுங்கள்.

கடைசியில் அரிசி வாளி. அனனியா சப்பீராள் கதை உங்கள் வீட்டில் இப்போது தலைகீழாக நடக்கிறது. அந்தப் புருஷனும் மனைவியும் ஒத்துப்பேசி, நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கைச் சபையிடம் மறைத்தார்கள், நீங்கள் சபையிடமல்ல, புருஷனிடமே மறைக்கிறீர்கள். அந்தக் கதையில் எல்லாரும் விட்டுவிடுகிற வரி ஒன்று இருக்கிறது. நிலம் விற்பதற்கு முன் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுரு அனனியாவிடம் கேட்கிறார், அப்போஸ்தலர் 5:4. முழுசாகக் கொடுக்கவேண்டும் என்று யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவன் செத்தது பொய்க்காக. அதனால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கும்போது எதற்கு ஒளிக்கிறீர்கள்? ஒளித்தும் பிரயோஜனமில்லை, இப்போது இபிஎஃப் கணக்கைக் கைப்பேசியிலேயே பார்க்கிறார்கள், மகளிடம் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் அவருக்குக் காட்டிக் கொடுத்துவிடுவாள்.

இன்று அவர் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்காரும்போது தேத்தண்ணியோடு அந்தப் புத்தகத்தையும் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். எங்கே இருந்தது என்று கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தம் போடுவார், போடட்டும். புத்தகத்தில் ஒட்டியிருக்கிற அரிசியைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டால் சிரித்தாலும் சிரிப்பார். அதற்கப்புறம் லேவியராகமம் 27-ஐ எடுங்கள், 8-ஆம் வசனத்தை அவரே வாசிக்கட்டும்.